தோட்டத்தில் நீச்சல் குளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுக்குப் பின்னால் 45 அடிக்கு 30 அடி காலி இடம் இருக்கிறது. 30க்கு 15 அடியில், 3 அடியில் தொடங்கி 6 அடி வரை ஆழமாகப் போகும் குளமும், பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு இடமும் வேண்டும். எதை முதலில் முடிவு செய்வது?
– வாசகர், கோயம்புத்தூர்

குளத்தைச் சிறிதாக்குவதை முதலில் முடிவு செய்யுங்கள். நீங்கள் சொல்லும் அளவில் சுமார் 57,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நடுவில் வைத்தால் நான்கு பக்கமும் ஏழு ஏழரை அடிதான் மிஞ்சும். நாலு நாற்காலி போட்டால் நடக்க வழி இருக்காது. 24க்கு 10 அடி, எங்கும் ஒரே 4 அடி ஆழம் என்று வையுங்கள், 27,000 லிட்டர்தான். பம்ப், பில்டர், மருந்து, கரண்ட் எல்லாம் அதற்கேற்பக் குறையும். 6 அடி ஆழத்தைப் பலரும் கேட்பது தலைகீழாகக் குதிக்கத்தான். அதற்கு 6 அடியும் போதாது, கழுத்தெலும்பு போய்விடும். வீட்டுக் குளத்தில் பெரியவர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டு பேசுவார்கள், குழந்தைகள் தண்ணீரை அடித்து விளையாடுவார்கள். இரண்டுக்கும் 4 அடி சரி. சின்னக் குழந்தைகளுக்கு ஒரு ஓரத்தில் ஒன்றரை அடி ஆழத்தில் அகலமான படி கட்டிக்கொள்ளலாம்.

குளத்தை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். காம்பவுண்ட் பக்கம் 5 அடி விட்டால், சுவர் கனம் போக வீட்டுப் பக்கம் 13 அடிக்கு மேல் கிடைக்கும். சிட்-அவுட்டுக்கு அதுதான் இடம். சமையலறைக் கதவிலிருந்து தட்டோடு நேராக வரும்படி அமையட்டும்; சுற்றிப் போக வேண்டிய சிட்-அவுட் இரண்டே மாதத்தில் துணி காயப்போடும் இடமாகிவிடும்.

உங்கள் ஊரில் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்று, மிதக்கும் இலை தழை எல்லாவற்றையும் கிழக்கு ஓரத்துக்குத் தள்ளும். மேல்மட்டக் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரைக் கிழக்குச் சுவரில் வைத்தால் பாதி வேலையைக் காற்றே செய்துவிடும். அடுப்பு, கிரில் வைப்பதாக இருந்தால் அதுவும் கிழக்கு ஓரத்தில்தான்.

சிட்-அவுட்டுக்கு மேலே நிழலுக்குப் பெர்கோலா (சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய பந்தல்) போட்டால், அதன் சட்டங்களை வடக்கு-தெற்காக ஓட்டுங்கள். சட்டம் 6 அங்குல உயரம் என்றால் இடைவெளியும் 6 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அப்போதுதான் பிற்பகல் மூன்றரை மணிக்குப் பிறகு சாயும் வெயில் தலையில் விழாது. கிழக்கு-மேற்காக ஓட்டினால் மாலை வெயில் சட்டங்களுக்கு நடுவே நேராக உள்ளே வந்துவிடும்.

குளத்தைச் சுற்றித் தளம் (டெக்) போடும் முன்பே கரண்ட் ஒயர், தோட்டக் குழாய், பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுப் பில்டரைக் கழுவுவது) கழிவுக் குழாய் மூன்றுக்கும் தனித்தனியாக பி.வி.சி. பைப்பைப் புதைத்துவிடுங்கள். பம்ப் அறைக்கு 6க்கு 5 அடி போதும். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

எங்கள் இடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மணல் பூமி. அடியில் தண்ணீர் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு வைக்க வேண்டும் என்கிறார் குளம் கட்டுபவர். வீடு கட்டிய மேஸ்திரியோ, "குளம் என்ன கப்பலா, மிதக்க?" என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, சென்னை

குளம் மிதக்கும். மேலே சொன்ன 24க்கு 10 அடிக் குளத்தையே எடுத்துக்கொள்வோம். 8 அங்குலத் தளம், 8 அங்குலச் சுவர் என்றால் காலிக் குளத்தின் கான்கிரீட் எடை சுமார் 28 டன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு ஓர் அடி கீழே வரை ஏறிவிட்டால், அது கீழிருந்து தள்ளும் விசை சுமார் 34 டன். உள்ளே 27 டன் தண்ணீர் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. தீபாவளிக்குச் சுத்தம் செய்கிறேன் என்று இறைத்துவிட்டால்தான் ஆபத்து. ஒரு மூலை நாலு அங்குலம் தூக்கினாலே போதும், குழாய் இணைப்புகள் எல்லாம் முறியும். கண்ணாடி இழையில் வார்த்த ரெடிமேட் எப்.ஆர்.பி. குளத்துக்கு எடையே கிடையாது; அது இன்னும் சுலபமாகக் கிளம்பும்.

வால்வு வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். வெளி அழுத்தம் கூடும்போது அது திறந்து நிலத்தடி நீரைக் குளத்துக்குள் விடும். மணல் சிக்கினால் மூடாது, ரப்பர் இறுகினால் திறக்காது. அதனால் தளத்துக்கு அடியில் 6 அங்குலம் முக்கால் இஞ்ச் ஜல்லி, அதைச் சுற்றி மணலைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணி, நடுவில் துளையிட்ட 4 அங்குலக் குழாய். அந்தக் குழாய் குளத்துக்கு வெளியே, தளத்தின் அடிமட்டத்துக்கும் கீழே இறங்கும் ஒரு குழியில் முடியட்டும். மூடியைத் திறந்து பார்த்தால் ஊற்று எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்ணால் தெரியும். தேவையானால் அதிலேயே சின்ன மோட்டார் இறக்கி இறைக்கலாம். தளத்தைச் சுவருக்கு வெளியே ஓர் அடி நீட்டினால், அதன்மேல் விழும் மண்ணும் குளத்தைப் பிடித்துக்கொள்ளும். அக்டோபர் முதல் ஜனவரி வரை என்ன காரணத்துக்காகவும் குளத்தைக் காலி செய்யக் கூடாது.

கடலோரம் என்பதால் உப்பும் சேர்கிறது. எம்30 தரக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 2 அங்குலக் கான்கிரீட் மூடல் (கவர்) என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தளம் போடும்போதே சுவரை 6 அங்குலம் சேர்த்து எழுப்பி, அந்த இணைப்பில் கசிவைத் தடுக்கும் பி.வி.சி. பட்டையை (வாட்டர் ஸ்டாப்) பதிக்க வேண்டும். ஒழுகும் குளங்களில் பெரும்பாலும் ஒழுகுவது சுவர் அல்ல. குழாய் சுவரைத் துளைத்து வரும் இடம், விளக்குக் குழி, ஸ்கிம்மரின் கழுத்து. கான்கிரீட் போட்ட பிறகு சுவரை உடைத்துக் குழாய் நுழைக்கும் ஆள் வந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள். விளிம்பு வைத்த குழாய்த் துண்டைக் கம்பி கட்டும்போதே பொருத்திக் கான்கிரீட்டோடு வார்க்க வேண்டும்.

பூச்சுக்கும் டைல்ஸுக்கும் முன்னால், வெளிப்பக்கம் மண் கொட்டி மூடுவதற்கும் முன்னால் தண்ணீர் நிரப்புங்கள். மழைக்காலம் முடிந்து, ஊற்று இறங்கியிருக்கும்போது இதைச் செய்வது நல்லது. முதல் 3 நாள் கான்கிரீட் குடிக்கும். பிறகு கோடு போட்டு 7 நாள் பாருங்கள். வெயிலில் ஆவியாவது எவ்வளவு என்று அறிய, படியில் ஒரு பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி அதிலும் கோடு போடுங்கள். பக்கெட்டில் குறைந்ததைவிடக் குளத்தில் அதிகம் குறைந்தால் கசிவு. வெளிச்சுவர் திறந்திருந்தால் ஈரம் எங்கே என்று கையை வைத்தே சொல்லிவிடலாம்.

மொட்டை மாடியில் 4 அடி ஆழத்தில் எப்.ஆர்.பி. குளம் இறக்கலாமா?
– வாசகர், சென்னை

வேண்டாம். வீட்டு மொட்டை மாடி பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரத்துக்குக் கணக்கிடப்படுகிறது. 4 அடித் தண்ணீரின் எடை சதுர மீட்டருக்கு 1.2 டன். எட்டு மடங்கு. வீடு கட்டும்போதே குளத்துக்கென்று தூணும் உத்தரமும் போட்டிருந்தால் மட்டும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் கேளுங்கள்.

27,000 லிட்டர் குளத்துக்கு 2 எச்.பி. பம்ப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் சுத்தமாகும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், திருச்சி

இல்லை, நேர்மாறு. மணல் பில்டரில் தண்ணீர் மெதுவாக இறங்கினால்தான் அழுக்கு பிடிபடும். வேகமாகத் தள்ளினால் அழுக்கும் சேர்ந்து மணலைத் துளைத்துக்கொண்டு குளத்துக்கே திரும்பும். மொத்தத் தண்ணீரும் 5 மணி நேரத்தில் ஒரு சுற்று வந்தால் போதும். மணிக்கு 5,500 லிட்டர். அதற்கு 500 மி.மீ. விட்டமுள்ள பில்டர், அரை முதல் முக்கால் எச்.பி. பம்ப். மணல், சலித்த சிலிக்கா மணல்தான். கட்டட மணலை நிரப்பிவிட்டுப் பில்டரைத் திட்டுபவர்கள் உண்டு.

உறிஞ்சும் குழாய் 63 மி.மீ. இருக்கட்டும். குளத்தின் தரையில் தண்ணீரை உறிஞ்சும் வாய் (மெயின் டிரெயின்) கட்டாயம் இரண்டு, குறைந்தது 3 அடி இடைவெளியில், ஒரே குழாயில் இணைத்து. ஒன்று மட்டும் இருந்தால் அதன்மேல் உட்கார்ந்த குழந்தையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், தலைமுடியும் சிக்கும். மூடி குவிந்த வடிவில் இருக்க வேண்டும். உடைந்த மூடியோடு ஒரு நாள்கூடப் பம்பை ஓட்டக் கூடாது.

பில்டர் சுத்தமாக இருக்கும்போது அழுத்தமானி காட்டும் எண்ணை அதன் மேலேயே எழுதிவையுங்கள். அதைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. கூடினால் பேக்வாஷ். கண்ணாடிக் குமிழில் தண்ணீர் தெளியும்வரை 2, 3 நிமிடம். பிறகு அரை நிமிடம் 'ரின்ஸ்'. பம்பை நிறுத்தாமல் மல்டிபோர்ட் (பில்டரின் நிலையை மாற்றும் வால்வு) கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே கேஸ்கெட் பிய்ந்துவிடும். முக்கால் எச்.பி. பம்ப் தினம் 6 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 270 யூனிட். வீட்டுச் செலவோடு சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

போர் தண்ணீரை நிரப்பி, இரவில் குளோரின் போட்டேன். காலையில் குளம் டீ நிறத்தில் இருக்கிறது. தண்ணீரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், சேலம்

மாற்றினாலும் அதே போர் தண்ணீர்தானே வரும். அது இரும்பு. குளோரின் பட்டதும் துருவாகிவிட்டது. கடையில் கிடைக்கும் குளத்துக்கான படிய வைக்கும் மருந்தை, பாக்கெட்டில் உள்ள அளவுப்படி கலந்து, பம்பை நிறுத்தி ஓர் இரவு விடுங்கள். காலையில் அடியில் பழுப்பு வண்டல் இருக்கும். அதைக் கலக்காமல், மல்டிபோர்ட்டை 'வேஸ்ட்' நிலையில் வைத்து வேக்வம் செய்து வெளியே தள்ளுங்கள். 'பில்டர்' நிலையில் இழுத்தால் மணலெல்லாம் துருவாகும்.

பிறகு தண்ணீரைச் சோதியுங்கள்: பி.எச். 7.2 முதல் 7.6, குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்), ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 80 முதல் 120 பி.பி.எம். 27,000 லிட்டரில் குளோரினை 2 பி.பி.எம். உயர்த்த, 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் 85 கிராம் போதும். வெயில் தாழ்ந்த பிறகு போடுங்கள். பகலில் போட்டால் வெயிலே தின்றுவிடும். டி.சி.சி.ஏ. என்ற குளோரின் மாத்திரை வசதிதான், ஆனால் அதோடு சயனூரிக் அமிலமும் சேரும். தினம் 2 பி.பி.எம். குளோரின் மாத்திரையிலிருந்தே வந்தால், மாதத்துக்கு 36 பி.பி.எம். ஏறும். 30 முதல் 50 வரை நல்லது, குளோரினை வெயிலிலிருந்து காக்கும். 100ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் பாசி பிடிக்கும். அப்போது தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுவதுதான் வழி.

கால்சியம் ஹைப்போகுளோரைட், டி.சி.சி.ஏ. இரண்டையும் ஒரே டப்பாவில், ஒரே கரண்டியில் புழங்காதீர்கள். கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். எதையும் தண்ணீரில்தான் போட வேண்டும், மருந்தின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

குளத்தைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் பதிக்க ஆசை. கடப்பாக் கல்லும் பார்த்தோம்.
– வாசகி, மதுரை

ஆத்தங்குடிக் கல் திண்ணைக்கு அழகு. ஈரத்தில் வழுக்கும், மருந்துத் தண்ணீரில் நிறம் போகும். அதைக் கூரைக்குள் சிட்-அவுட்டில் மட்டும் போடுங்கள். கடப்பா கறுப்பு, சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாது. தீயால் சொரசொரப்பாக்கிய வெளிர் நிற கிரானைட் பொருத்தம். தளம் குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, 50க்கு 1 வாட்டத்தில் சரியட்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் மண்ணோடு குளத்தில் இறங்கும்.

பேரனுக்கு 3 வயது. வேலி அவசியமா? மருமகள் வேண்டும் என்கிறாள், மகன் அழகு கெடும் என்கிறான்.
– வாசகர், தஞ்சாவூர்

மருமகள் சொல்வதைக் கேளுங்கள். 4 அடி உயரம், கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்குக் குறைவான சந்து, ஏறக் கால் வைக்கக் குறுக்குக் கம்பி இல்லாத வேலி. கேட் தானாக மூடித் தானாகத் தாழ் விழ வேண்டும், குளத்தை விட்டு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். அருகில் நாற்காலியோ தொட்டியோ வைத்தால் வேலி இருந்தும் பயனில்லை. வீட்டுச் சுவரையே ஒரு பக்க வேலியாகக் கொண்டால், அந்தக் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ் போடுங்கள்.

தண்ணீருக்குள் 12 வோல்ட் விளக்கு மட்டும். டிரான்ஸ்பார்மர் பம்ப் அறையில் இருக்கட்டும். குளத்துக்கான எல்லா லைனுக்கும் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்து, மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஏணி, கைப்பிடி, கான்கிரீட் கம்பி எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் இணைக்கச் சொல்லுங்கள். தளம் போட்ட பிறகு அதைச் செய்ய வழியில்லை.

குளத்துக்கு 8 அடி தள்ளி வேப்பமரம் நிற்கிறது. வெட்டாமல் சமாளிக்கலாமா?
– வாசகி, ஈரோடு

இன்னும் தோண்டவில்லை என்றால் குளத்தை நகர்த்துங்கள், மரம் இருக்கட்டும். 15 அடியாவது தள்ளியிருந்தால் வேர்த் தொல்லை குறையும். நகர்த்த இடமில்லையா, இலையுதிரும் மாசி, பங்குனியில் வலையால் மூடி வையுங்கள். ஸ்கிம்மர் கூடையைக் காலை மாலை இரு வேளையும் காலி செய்யுங்கள்.