கால் கழுவுதல்: யாருக்கு யார்?

கேள்வி: பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். விசுவாசித்துக் கேட்பவர்களுக்கே ஞானஸ்நானம் கொடுக்கும் அனபாப்டிஸ்ட் சபைகளிலும் இது உண்டாமே, அங்கே கழுவுவது யார்?

பதில்: எல்லாரும். யோவான் 13:14-இல் "ஒருவருடைய கால்களை ஒருவர்" என்று இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறவர்கள் இவர்கள். அனபாப்டிஸ்ட் பிரிவுகளில் ஒன்றான மெனோனைட்டுகளின் 1632-ஆம் ஆண்டு டோர்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையில் இதற்கென்றே 11-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனாலும் இன்றைய மெனோனைட் சபைகள் எல்லாவற்றிலும் இந்த வழக்கம் இல்லை.

வழக்கம் உள்ள இடங்களில் பெரும்பாலும் திருவிருந்து முடிந்ததும் நடக்கும். ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம், இருவர் இருவராக. உட்கார்ந்திருப்பவரின் காலைத் தொட்டிக்கு மேலே பிடித்து, வெதுவெதுப்பான நீரை இரண்டு மூன்று கை அள்ளி விட்டு, துண்டால் ஒற்றி எடுக்கவேண்டும். பிறகு மற்ற கால். அதன்பின் இடம் மாறி உட்காருவார்கள். கடைசியில் இருவரும் எழுந்து கைகொடுத்தோ பரிசுத்த முத்தமிட்டோ வாழ்த்துவார்கள்.

புதிதாகத் தொடங்கும் சபைகள் தடுமாறுவது தொட்டிக் கணக்கில்தான். ஒரு ஜோடிக்கு மூன்று நிமிடம் வைத்தாலும், நாற்பது பேருக்கு ஒரே தொட்டி என்றால் ஒரு மணிநேரம். அதற்குள் தண்ணீர் ஆறி, கலங்கியும் விடும். நான்கு தொட்டி இருந்தால் கால்மணி நேரம் போதும். காலில் புண் உள்ளவர்களுக்குக் குவளையால் நீர் ஊற்றி, தனித் துண்டு கொடுங்கள். முந்தின வாரமே அறிவித்துவிடுங்கள். (உடனே வீட்டிலேயே தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவார்கள், அதைத் தடுக்க முடியாது!)

ஜோடியை அவரவர் விருப்பத்துக்கு விட்டால் நண்பரை நண்பர் தேடிப் போவார். உட்கார்ந்திருக்கும் வரிசைப்படியே விடுவது நல்லது. மனத்தாங்கல் உள்ளவர் எதிரே வந்துவிட்டால்? அதை முன்னதாகவே பேசித் தீர்க்கவேண்டும். இன்னொரு அனபாப்டிஸ்ட் பிரிவான ஆமிஷ் மக்கள் திருவிருந்துக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு இதற்கென்றே கூடுகிறார்கள். சபையில் சமாதானம் இல்லையென்றால் திருவிருந்தே தள்ளிப்போகும்.

கேள்வி: குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவன் நான். இவர்களோடு சேர்ந்தால் மறுபடி எடுக்கவேண்டுமா?

பதில்: 'மறுபடி' என்பதைத்தான் அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தானே விசுவாசித்துக் கேட்டுப் பெறுவதே அவர்களுக்கு ஞானஸ்நானம். 'மறுஞானஸ்நானக்காரர்' என்ற பொருள் தரும் அனபாப்டிஸ்ட் என்ற பெயரே எதிரிகள் வைத்ததுதான். குழந்தை ஞானஸ்நானத்தை விசுவாச அறிக்கையோடு ஏற்கும் மெனோனைட் சபைகளும் இன்று உண்டு. முதலில் மூப்பரிடம் கேளுங்கள். முழுகத்தான் வேண்டும் என்றும் இல்லை: 1525 ஜனவரியில் சூரிச் நகரில் இந்த இயக்கத்தின் முன்னோடியான கிரேபெல் தன் தோழர் பிளாவ்ராக்குக்குக் கொடுத்தது நீர் ஊற்றித்தான். முழுக்கையே வலியுறுத்தும் மெனோனைட் பிரதரன் பிரிவு 1860-இல் வந்தது.