பிற்கால ரோமப் படையில் லீஜியனுக்கு எத்தனை பேர்? (கேள்வி பதில்)

சார், லீஜியன் என்பது ரோமப் படையின் பெரிய பிரிவு. முந்தைய காலத்தைப் போலவே 4-ஆம் நூற்றாண்டு லீஜியனிலும் 5,000 பேர்தானே?

இல்லை. சுமார் 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், பல சமயம் அதற்கும் கீழே. அமிடா முற்றுகையைப் பாருங்கள். இன்றைய துருக்கியின் தியார்பக்கிர்தான் அந்த ஊர். 359-இல் பாரசீக மன்னர் இரண்டாம் ஷாபூர் அதை வளைத்தபோது, பின்னாளில் வரலாறு எழுதிய அம்மியானுஸ் மார்கெல்லினுஸ் படை அதிகாரியாக உள்ளே மாட்டிக்கொண்டார். ஊருக்குள் 7 லீஜியன்கள் இருந்தன என்கிறார். ஊர்மக்கள், தஞ்சம் புகுந்தவர்கள், வேறு சில வீரர்கள் எல்லோரையும் சேர்த்தே 20,000 பேர் என்றும் அவரே சொல்கிறார். லீஜியனுக்கு 5,000 என்றால் அவர்கள் மட்டுமே 35,000 ஆகிவிடுவார்கள்!

கோட்டைகளும் இதையே காட்டுகின்றன. பிரிட்டனின் கேர்லியனில் இருக்கும் பழைய லீஜியன் கோட்டை 50 ஏக்கர். ஜோர்டானின் எல் லெஜ்ஜூனில் பிற்கால லீஜியன் ஒன்றுக்குக் கட்டியது 242-க்கு 190 மீட்டர், அதாவது 11 ஏக்கர் சொச்சம். பெயர் பழசு, ஆள்கணக்கு புதுசு. பெயரை வைத்துத் தலை எண்ணாதீர்கள்.

ரோமப் படையைப் பற்றி நூல் எழுதிய வெகேடியுஸ், லீஜியனுக்கு 6,100 காலாள், 730 குதிரை என்கிறாரே?

அவர் சொல்வது 'பழைய லீஜியன்'. தன் காலத்துப் படை தேய்ந்துவிட்டதே என்ற ஆதங்கத்தில் எழுதியவர் அவர்.

லீஜியனின் சிறு பிரிவுக்குத் தலைவரான செஞ்சூரியன் பதவி என்ன ஆயிற்று?

பெயர் மாறிவிட்டது. செண்டெனாரியுஸ் என்றார்கள்.

எல்லைப்படையான லிமிடானெய் பாதி விவசாயிகள்தானே?

இந்தத் தவறு எத்தனை புத்தகங்களில் ஏறியிருக்கிறது! 4-ஆம் நூற்றாண்டில் அவர்கள் சம்பளம் வாங்கிய முழுநேரப் படைவீரர்கள். தேவைப்பட்டபோது எல்லைப் பிரிவுகளை அப்படியே களப்படைக்கு மாற்றினார்கள். அப்படிப் போனவற்றுக்கு சூடோகொமிடாடென்செஸ் என்று தனிப் பெயரே உண்டு. ஏர் பிடித்தவர்களை யாராவது அப்படிக் கூட்டிப்போவார்களா?

ஆனால் 443-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லை வீரர்களின் நிலத்தைப் பற்றிப் பேசுகிறதே?

பேசுகிறது. அது பேரரசர் இரண்டாம் தியோடோசியுஸ் காலம், 5-ஆம் நூற்றாண்டு. அதை நூறு வருஷம் பின்னுக்கு இழுக்காதீர்கள்.

நிலம் இருந்தால் உழவன்தானே, நூறு வருஷத்தில் என்ன வந்துவிடப்போகிறது?

நிறைய வரும். எகிப்தின் ஃபையூமில் 340-களில் ஒரு குதிரைப்படைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் அபின்னேயுஸ். அவருக்கு வந்த கடிதங்கள் பப்பைரஸில் கிடைத்திருக்கின்றன. ஒன்று ஒரு கிராமத்துப் பாதிரியார் எழுதியது. பவுலுஸ் என்ற வீரன் ஓடிப்போய்விட்டான், இந்த ஒரு தடவை மட்டும் மன்னித்துவிடுங்கள் என்று கெஞ்சுகிறார். படையை விட்டு ஓடினால் குற்றம், பரிந்துபேச ஒரு ஆள் வேண்டும். வயலைப் பார்த்துக்கொண்டு, கூப்பிட்டால் வருகிறவனின் நிலைமையா இது? நிலம் வைத்திருப்பது வேறு, உழவே தொழிலாக இருப்பது வேறு. ஓய்வுபெற்ற வீரர்களுக்கு நிலம் கொடுப்பது ரோமில் பழைய வழக்கம், அதனால் படையை உழவர் கூட்டம் என்று யாரும் சொன்னதில்லை.

அப்போ ஒரு லீஜியனில் சரியாக எத்தனை பேர் சார்?

முதல் பதிலைப் படியுங்கள்.

மொத்தப் படை எவ்வளவு?

பேரரசர் டயோக்ளீஷியன் காலத்துக்கு, 6-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஜான் லிடுஸ் தரும் எண்: தரைப்படை 389,704, கடற்படை 45,562. கடைசி இலக்கம் வரை இருப்பதால் ஏதோ ஏட்டிலிருந்து எடுத்தது போலத் தெரிகிறது. ஆனால் ஏட்டில் இருப்பவர்கள் எல்லோரும் களத்தில் நின்றார்கள் என்று நினைக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், பெயரை வைத்துத் தலை எண்ணாதீர்கள்.

கூலிப்படை ஒரு லீஜியனில் எத்தனை...

லீஜியன் எண்ணிக்கை போதும், தயவுசெய்து.

அமிடாவில் இருந்த அந்த 7 லீஜியன்கள் என்ன ஆயின?

இதைக் கேட்டதற்கு நன்றி. அவற்றில் இரண்டு, கால் (Gaul) நாட்டிலிருந்து, அதாவது இன்றைய பிரான்ஸ் பக்கத்திலிருந்து வந்தவை. மதில்மேல் நின்று போரிட அவர்களுக்குப் பொறுமையில்லை. ஒரு இரவு கோடரியும் வாளுமாக வெளியே பாய்ந்து, பாரசீக மன்னரின் கூடாரத்தை நோக்கிப் போனார்கள். சுமார் 400 பேர் திரும்பவில்லை. கடைசியில் ஊரும் விழுந்தது. அந்த வீரர்களை முன்னின்று நடத்திய பயிற்சித் தலைவர்களுக்கு, ஆயுதம் தரித்த சிலைகளை எடெஸா நகரின் நடமாட்டமுள்ள இடத்தில் வைக்கச் சொன்னார் பேரரசர் கான்ஸ்டான்டியுஸ்.