ராகி மாவுப் பொட்டலத்தில் 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று அச்சிடலாமா?

கேள்வி: தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் மகளிர் குழு ராகி மாவைப் பொட்டலமிட்டு விற்கப் போகிறது. சிறிய சிற்றுண்டிக் கடையும் திறக்கிறோம். லேபிளிலும் மெனு பலகையிலும் எதை எழுதலாம்? 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று போடலாமா?

பதில்: கூடாது. கிருஷ்ணகிரியில் அச்சகம் நடத்துகிறேன். மாவு, ஊறுகாய், மாங்கூழ் என்று லேபிள் அடிக்க வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பதே இந்த வரியைத்தான். நான் அடித்துத் தருவதில்லை.

ஓர் உணவு நோயைத் தடுக்கும், தணிக்கும், குணப்படுத்தும் என்று சொல்வதற்கு 2018ஆம் ஆண்டின் உணவு விளம்பர ஒழுங்குமுறைகள் தடை விதிக்கின்றன. 'மருத்துவர்கள் பரிந்துரைப்பது' என்பதற்கும் அதே கதிதான். தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். ராகியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை விரைவாகவே ஏறும். பொட்டலத்தை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவத்தில் அச்சடித்த எனக்கும் பங்கு உண்டு.

நம் ராகிக்குப் பொய்ப் பெருமை தேவையே இல்லை. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பெரியவர் ஒருவரின் அன்றாடத் தேவை 1000 மில்லிகிராம். அதில் 30 சதவீதத்தைத் தாண்டினாலே 'கால்சியம் நிறைந்தது' என்று எழுதச் சட்டம் இடம் தருகிறது. 100 கிராமுக்கு 6 கிராம் நார்ச்சத்து இருந்தால் 'நார்ச்சத்து மிகுந்தது' என்றும் எழுதலாம். உங்கள் மாவையே அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். செலவு கொஞ்சம் ஆகும். ஆனால் யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.

'குளூட்டன் இல்லாதது' என்று போடும் ஆசை வந்தால், எந்த மில்லில் அரைக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். கோதுமையில் இருக்கும் புரதமான குளூட்டன் ராகியில் கிடையாது. ஆனால் நம் ஊர் மாவு மில்களில் அதே இயந்திரத்தில்தான் கோதுமையும் அரைக்கிறார்கள். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் கலந்தால் அப்படி எழுத முடியாது. 'கோதுமை கலந்திருக்கக்கூடும்' என்று எச்சரிப்பதுதான் முறை. ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாய் அந்த ஒரு வரியைத்தான் தேடுவாள்.

தமிழில் மட்டும் அச்சிட்டால் போதாது என்று சொன்னால் பலரும் வியக்கிறார்கள். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும்; தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். இதில் எனக்கு வருத்தம் உண்டு. அதனாலேயே ஆங்கிலத்துக்கு இணையான அளவில் தமிழையும் அடித்துக் கொடுக்கிறேன். பொருளின் பெயர், எடை வரிசைப்படி சேர்மானங்கள், சைவக் குறியான பச்சை வட்டம், மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்கப் பதிவு எண், முழு முகவரி, நிகர எடை, தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, வரிகள் உட்பட அதிகபட்ச விலை, புகாருக்கான தொலைபேசி எண் ஆகியவை இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

பின்னாளில் மாங்கூழும் செய்வதாக இருந்தால், பெங்களூரா பழத்தில் செய்துவிட்டு 'அல்போன்சா' என்று எழுதாதீர்கள். '100 சதவீதம்' என்ற சொல்லையும் தவிருங்கள். லேபிள்களில் அதைப் போட வேண்டாம் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2025 மே மாதம் அறிவுறுத்தியிருக்கிறது.

மெனு பலகையில் கலோரி கணக்கு எழுத வேண்டிய கட்டாயம் மத்திய உரிமம் பெற்ற உணவகங்களுக்கும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளைகள் உள்ளவற்றுக்கும்தான். உங்கள் ஒற்றைக் கடைக்கு அது கிடையாது. ஆனால் பொய் சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் பொது. பிராய்லர் கோழியைச் சமைத்துவிட்டு 'நாட்டுக்கோழிக் குழம்பு' என்று எழுத முடியாது. பொட்டலத்தில் தடைப்பட்ட சர்க்கரை நோய் வரி, களிக்கு மேலே பலகையிலும் வரக் கூடாது. ராகி லட்டைத் தட்டில் வைத்து உதிரியாக விற்றால், எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்பதைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். உதிரி இனிப்புகளுக்கு 2020 அக்டோபர் முதல் இது கட்டாயம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் லேபிள் வாசகத்தை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரின் அலுவலகத்தில் ஒருமுறை காட்டிக் கேட்டுவிடுங்கள்.