சட்ட ஆலோசனை: மச்சான் போனில் இருக்கும் விபத்துப் படங்கள் கோர்ட்டில் செல்லுமா?

கேள்வி: உளுந்தூர்பேட்டை அருகே நான்குவழிச் சாலையில் சென்னை நோக்கி இரவில் கார் ஓட்டி வந்தேன். எதிர்ப்பக்கச் சாலையில் வந்த வேன் மீடியன் இடைவெளியில் திடீரென யூ டர்ன் எடுத்துக் குறுக்கே வர, மோதிவிட்டது. மனைவிக்குக் கை எலும்பு முறிவு. வேன் டிரைவரோ, தான் நேராகப் போனதாகவும் நான் பின்னால் வந்து இடித்ததாகவும் முந்திக்கொண்டு புகார் கொடுத்துவிட்டார், எஃப்.ஐ.ஆரில் என் பெயர். கூட வந்த மச்சான் செல்போனில் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பெரும்பாலும் என் கார் பம்பர்தான். தூரத்திலிருந்து எடுத்த ஒன்று மட்டும் மங்கல். இவை செல்லுமா? பத்து நாள் ஆகிவிட்டது, இனி என்ன செய்யலாம்?

பதில்: செல்லும். ஆனால் உங்களிடம் இருப்பது அசல் அல்ல. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த நேரம், இடம் பற்றிய உள்விவரமும் போய்விடும். அசல் இருப்பது மச்சானின் போனில். அதை எக்ஸ்சேஞ்சில் போடவோ ரீசெட் செய்யவோ கூடாது என்று இன்றே சொல்லிவையுங்கள்.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டம், 63ஆவது பிரிவில், மின்னணுப் பிரதியோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதன் ஒரு பகுதியில் போனுக்குரியவரும் மற்றதில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் கைரேகை போன்ற எண், கோப்பு மாறினால் இதுவும் மாறும்) அதில் வரும். ஆகவே கையெழுத்து மச்சானுடையது, சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியவரும் அவரே. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இதில் சற்று விட்டுப்பிடிக்கும். உங்கள் மேல் உள்ள குற்ற வழக்கில் அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது அந்த மங்கல் படம். எனக்கு அதுதான் வேண்டும். பம்பர் நசுங்கியதை யாரும் மறுக்கப் போவதில்லை. சண்டை வேன் எப்படி வந்தது என்பதில்தான். பின்னாலிருந்து இடித்திருந்தால் அடி வேனின் பின்புறம் இருக்க வேண்டும். எதிர்ச்சாலையிலிருந்து திரும்பிக் குறுக்கே வந்த வேனுக்கு இடது பக்கம் அடி விழும். அந்தப் படத்தில் வேனின் இடது பக்கக் கதவும் மீடியன் இடைவெளியும் சேர்ந்து தெரிகிறதா, கண்ணாடித் தூள் சாலையில் எங்கே சிதறியிருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். பிரைட்னஸ் கூட்டுவது, அம்புக்குறி போடுவது எல்லாம் பிரதியில் மட்டும். அசலில் கை வைத்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்.

இன்னும் சில வேலைகள் இருக்கின்றன. பகலில் போய் அந்த இடைவெளியை, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லோடு சேர்த்து ஓரமாக நின்று படமெடுங்கள். பக்கத்தில் பங்க், ஓட்டல் இருந்தால் சிசிடிவி பதிவைப் பத்திரப்படுத்தும்படி உரிமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். பல இடங்களில் சில நாட்களிலேயே பழையதன் மேல் புதியது பதிவாகிவிடும் என்பதால் இதில் தாமதம் கூடாது. அதே கோரிக்கையை விசாரணை அதிகாரிக்கும் கொடுங்கள், பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94ஆவது பிரிவில் அவரால் கேட்டு வாங்க முடியும். கூடவே உங்கள் தரப்புப் புகாரையும், படங்களை பென்டிரைவில் போட்டு, ஸ்டேஷனில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான போலீஸ் ரசீது) வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். முடிந்த தீர்ப்பல்ல. சம்பவ இடத்தைப் படமெடுத்து வரைபடம் தயாரிப்பது விசாரணை அதிகாரியின் கடமை. பார்வை மகஜரும் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு) வரைபடமும் உங்கள் படத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை நகல் கிடைத்ததும் பாருங்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டரும் இன்சூரன்ஸ் சர்வேயரும் பார்க்கும்வரை காரை ஒர்க்ஷாப்பில் பிரிக்க விடாதீர்கள்.

மனைவியின் மாவுக்கட்டு, காயம், வீக்கம் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து, ஆஸ்பத்திரியில் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் (விபத்துக் காயங்களை டாக்டர் எழுதும் பதிவேடு) நகலும் வாங்கிவையுங்கள். தவறு இருவர் மேலும் பாதிப்பாதி என்று முடிவானாலும், காரில் உட்கார்ந்து வந்த அவருடைய இழப்பீட்டுத் தொகை அதனால் குறையாது. முழுத் தொகையையும் வேன் தரப்பிடமே அவர் கேட்கலாம் என்பது 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே தெளிவு. மோட்டார் வாகனச் சட்டம் 166(3)இன்படி மனுவுக்கு விபத்து நாளிலிருந்து 6 மாதம் கெடு. போலீஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.