பெரிய பிரேக் மாட்டும் முன் பழைய பிரேக்கைத் திறந்து பாருங்கள்

வண்டி கேள்வி–பதில்

கேள்வி: அண்ணே, என்னிடம் 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இருக்கிறது. அப்பா ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. இன்ஜின் இன்னும் சீறிக்கொண்டுதான் போகிறது. ஆனால் நூறைத் தாண்டினால் பிரேக் மேல் நம்பிக்கை வரவில்லை. பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. முன் சக்கரங்களுக்கு நாலு பிஸ்டன் கேலிபரும் 300 மில்லிமீட்டர் டிஸ்க்கும் உள்ள பெரிய பிரேக் செட் ஒன்று பார்த்திருக்கிறேன். ஒன்றேகால் லட்சம் சொல்கிறார்கள். வண்டியில் 14 இன்ச் வீல், ஏ.பி.எஸ். கிடையாது. வருஷத்துக்கு ஓரிரு தடவை கோயம்புத்தூர் கரி டிராக்கில் ஓட்டவும் ஆசை. போடலாமா? — வாசகர், மன்னார்குடி

பதில்: தம்பி, அந்த வண்டி வந்த காலத்தில் நம் தஞ்சாவூர்ப் பக்கம் வேகத்துக்கு ஆசைப்பட்டவர்கள் ஏங்கிய வண்டி அது. 106 குதிரைத்திறனை அந்த உடம்பில் வைத்து ஓட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அப்பா வண்டியை விற்காமல் வைத்திருக்கிறீர்களே, அதற்கே உங்களை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. பெடல் அமுங்குவது ஒன்று. பெரிய பிரேக் ஆசை இன்னொன்று. முதலாவது நோய். இரண்டாவது அதற்கு மருந்து இல்லை.

பெரிய டிஸ்க் எதற்காக என்று முதலில் பார்ப்போம். சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதைக் கவ்வுவது கேலிபர். அதற்குள் இருக்கும் பிஸ்டனை ஆயில் தள்ள, பேடு டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும். பிரேக் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான், வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்தினால் வருகிற சூட்டில் ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். 120-லிருந்து நிறுத்தினால் இரண்டேகால் லிட்டர். வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்கு, சூடு கூடியது கிட்டத்தட்டப் பாதி. இந்தச் சூட்டை நாலைந்து தடவை அடுத்தடுத்து வாங்கிக்கொண்டும் தளராமல் இருக்கத்தான் பெரிய இரும்பு, பெரிய பேடு எல்லாம்.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். மன்னார்குடியிலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் வரை போனாலும் ஆற்றுப் பாலம் ஏறி இறங்குவதைத் தவிர மேடு எங்கே இருக்கிறது? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்குகிறவருக்கு பிரேக் சூடேறும். அதற்கும் இரண்டாவது கியரில் இறங்குவதுதான் முதல் வழி. நம் சாலையில் ஒரு தடவை மிதிப்போம், அப்புறம் அடுத்த ஊர் வரும்வரை டிஸ்க் காற்று வாங்கிக்கொண்டே வரும். சூடேற வாய்ப்பே குறைவு.

அப்படியானால் வண்டியை நிறுத்துவது எது? டயர். சக்கரம் பூட்டாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். இல்லாத உங்கள் வண்டியில், பிரேக் சரியாக இருந்தால் ஓங்கி மிதித்ததும் சக்கரம் பூட்டிக்கொள்ள வேண்டும். இப்போதிருக்கிற டிஸ்க்கே சக்கரத்தைப் பூட்டிவிடும் என்றால், அதைவிடப் பெரிய டிஸ்க்கால் அந்த ஒரு நிறுத்தத்தில் ஒரு சாண்கூடக் குறையாது. டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரானது. போய்ப் பாருங்கள். ஆறேழு வருஷம் வெயிலில் நின்ற டயர் என்றால், பட்டை நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். குறுவை அறுவடையில் சாலை ஓரத்தில் நெல் காய்வதையும், அறுவடை இயந்திரம் வயலிலிருந்து ஏறி வந்த இடத்தில் களிமண் அப்பிக் கிடப்பதையும் நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அங்கே உங்களைக் காப்பாற்றுவது நல்ல டயரும், முன்கூட்டியே காலை எடுப்பதும்தான்.

சரி, நோய்க்கு வருகிறேன். போன தை மாதம் இதே புகாரோடு ஒரு பழைய கார் என் கும்பகோணம் பட்டறைக்கு வந்தது. அவரும் பெரிய பிரேக் என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். முன் சக்கரத்தைக் கழற்றினேன். வெளிப் பேடு ஏழு மில்லிமீட்டர் இருந்தது. உள் பேடு இரண்டுகூட இல்லை. கேலிபர் நகர வேண்டிய ஸ்லைடு பின் துருவேறி இறுகிப்போயிருந்தது. சுத்தியலால் தட்டித்தான் வெளியே எடுத்தேன். பிரேக் ஆயிலை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து அவர் கையில் கொடுத்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது, காபி டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது. பெடலை ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு கேலிபருக்கு ஆயில் போகிற ரப்பர் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு மிதிக்கும் ஹோஸ் உப்பியது. டிஸ்க்குக்குப் போக வேண்டிய அழுத்தம் ரப்பரை உப்ப வைப்பதிலேயே போய்க்கொண்டிருந்தது. பஞ்சு மாதிரி பெடல் என்பது இதுதான், தம்பி. இல்லையென்றால் லைனில் காற்று.

பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற தரத்து ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, 155. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நனைகிற நம் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். நான் பார்க்கும் பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் வாங்கிய நாளிலிருந்து மாற்றாதவை.

ஆகவே முதலில் இதைச் செய்யுங்கள். நாலு சக்கரத்துக்கும் புது ஹோஸ். கேலிபரைப் பிரித்து, பிஸ்டன் சீல் மாற்றி, ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ். சாதாரண கிரீஸ் வைத்தால் ரப்பர் உப்பிவிடும். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் கடையாதீர்கள், மாற்றுங்கள். பின் சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதில் டிரம் இருக்கும், அதற்குள் ஷூ விரிந்து பிடிக்கும். அந்த டிரம்மைத் திறந்து, ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பாருங்கள். ஷூவை நெருக்கி வைத்தாலே பெடல் பாதி மேலே வந்துவிடும். அப்புறம் டாட் 4 ஊற்றி, காற்று சுத்தமாக எடுத்து, புது டயர். இவ்வளவும் சேர்த்தாலும் நீங்கள் சொன்ன தொகைக்குப் பக்கத்தில்கூட வராது.

டிராக் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். சுற்றுக்குச் சுற்று ஓங்கி மிதிக்கிற அங்கேதான் சூடு நிஜமாக ஏறும். அதற்கும் முதல் படி சூடு தாங்கும் பேடுதான். பேடின் ஓரத்தில் இரண்டு எழுத்து அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து குளிர்ந்த நிலைப் பிடிப்பு, இரண்டாவது சூடான நிலைப் பிடிப்பு. இ.இ. என்பதைவிட எஃப்.எஃப். மேல், அதைவிட ஜி.ஜி. மேல். புது பேடு போட்டதும் அறுபதிலிருந்து பதினைந்து வரை நிற்காமல் எட்டுப் பத்துத் தடவை வேகம் குறைத்து, பிறகு பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். டிராக்கில் நாலு சுற்று வேகம், ஒரு சுற்று மெதுவாக.

இத்தனையும் செய்தும் டிராக்கில் பெடல் தளர்கிறது என்றால் பெரிய செட் வாங்குங்கள், நானே மாட்டித் தருகிறேன். ஆனால் நீங்கள் பார்த்திருக்கும் அந்த 300 மில்லிமீட்டர் செட் உங்கள் வீலுக்குள் நுழையாது. 14 இன்ச் என்பது 355 மில்லிமீட்டர். ரிம்மின் தடிமன் போக, டிஸ்க்குக்கு மேல் கேலிபர் உட்கார அங்கே இடம் இல்லை. 16 இன்ச் வீலுக்குப் போக வேண்டும். அந்தச் செலவை யாரும் சொல்வதில்லை. வீல் வாங்கும் முன் கேலிபர் அளவுக்கு அட்டை வெட்டி, வீலுக்குள் வைத்துச் சுற்றிப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் பிஸ்டன் பரப்பு. 54 மில்லிமீட்டர் ஒற்றைப் பிஸ்டன் கேலிபருக்குப் பதிலாக நாலு பிஸ்டன் போட்டால், ஒரு பக்கத்து இரண்டு பிஸ்டனைக் கணக்கில் எடுக்க வேண்டும். 38 மில்லிமீட்டர் இரண்டு என்றால் ஏறக்குறைய அதே பரப்பு, பெடல் பழையபடி இருக்கும். 42 இரண்டு என்றால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அத்தனை ஆயிலையும் பெடலோடு இணைந்த பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ள வேண்டும், பெடல் கீழே இறங்கும்.

இதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டவன். இருபது வருஷத்துக்கு முன் ஒரு நண்பரின் காருக்குப் பெரிய வண்டி ஒன்றின் கேலிபரை, லேத்தில் பிராக்கெட் செய்து மாட்டினேன். மாஸ்டர் சிலிண்டரைத் தொடவில்லை. பட்டறை வாசலில் நன்றாகப் பிடித்தது. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. வரிசையில் கடைசியாக நின்ற பஸ்ஸுக்குப் பின்னால் நிறுத்த மிதித்தேன். பெடல் பாதிக்கு மேல் இறங்கியது. இரண்டாவது தடவை மிதித்த பிறகுதான் பிடித்தது. பஸ்ஸின் பம்பருக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இருந்தது. பின் சீட்டில் நண்பரின் மனைவியும் குழந்தையும் உட்கார்ந்திருந்தார்கள். அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன்.

இன்னொன்று, முன்னால் மட்டும் பிரேக்கைக் கூட்டினால் முன் சக்கரம் சீக்கிரம் பூட்டும், பின் சக்கரம் பாதி வேலையோடு நின்றுவிடும். ஈரச் சாலையில் முன் சக்கரம் பூட்டினால் ஸ்டீயரிங் திருப்பியும் வண்டி நேரேதான் போகும். அதனால் செட் வாங்கும்போது உங்கள் வண்டிக்கென்றே கணக்குப் போட்டுச் செய்ததா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு வண்டியை மாற்றுவது பற்றியது. இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஓட்டை போட்ட டிஸ்க் நல்லதா, கோடு போட்டது நல்லதா? — வாசகி, திருவாரூர்

பதில்: ஊருக்குள் ஓட்டுவதற்கு இரண்டும் இல்லாத சாதா டிஸ்க்கே போதும், அம்மா. ஓட்டையைச் சுற்றிச் சூட்டில் மயிரிழை வெடிப்பு விழும், நானே பார்த்திருக்கிறேன். கட்டாயம் வேண்டுமென்றால் கோடு போட்டதை வாங்குங்கள். பேடு கொஞ்சம் சீக்கிரம் தேயும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வருஷம் ஒரு தடவைதான் வருகிறேன். மற்ற நாளெல்லாம் பழைய கார் ஷெட்டில் நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் பின் சக்கரம் ஒட்டிக்கொள்கிறது. — வாசகர், வேதாரண்யம்

பதில்: உப்பளத்துக் காற்று, ஐயா. டிஸ்க்கின் மேல் துரு நாலு மிதியில் போய்விடும். ஆனால் ஹேண்ட் பிரேக் போட்டபடி நிறுத்தினால் ஷூ டிரம்மோடு ஒட்டிவிடும். ஊருக்குக் கிளம்பும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீட்டில் இருக்கிறவர்களிடம் மாதம் ஒரு தடவை கட்டையை எடுத்து, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, வண்டியைப் பத்தடி தள்ளி, திரும்ப இடத்துக்குக் கொண்டுவந்து பழையபடி கியரும் கட்டையும் போடச் சொல்லுங்கள்.