அமெரிக்க விசாவுக்காக இன்ஸ்டாகிராமைப் பப்ளிக் ஆக்கச் சொல்வதில் என்ன தவறு? மறைக்க எதுவும் இல்லாதவருக்கு என்ன பயம்? இப்படிக் கேட்கிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

கணக்கைப் பூட்டி வைக்க வேண்டிய நிலை உங்களுக்கு வந்ததே இல்லை என்று நினைக்கிறேன். என் தங்கைக்கு வந்தது.

கல்லூரியில் கூடப் படித்த ஒருவன் அவள் போட்டோக்களை எடுத்துப் போலிக் கணக்கு தொடங்கி அசிங்கமாக எழுதினான். புகார் கொடுத்தோம். "பசங்க விளையாட்டும்மா" என்று முடித்துவிட்டார்கள். அன்று பூட்டினாள். குடும்பமும் நெருங்கிய தோழிகளும் மட்டும்தான் உள்ளே.

2025இல் எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசா போட்டாள். மே கடைசியில் மாணவர்களுக்குப் புது இன்டர்வியூ தருவதை நிறுத்தினார்கள். ஜூன் 18 அன்று மறுபடி தொடங்குவதாகச் சொன்னபோது, எஃப், எம், ஜே என்ற மாணவர், பரிமாற்றத் திட்ட விசாக்களைக் கேட்பவர்கள் எல்லாச் சமூக ஊடகக் கணக்குகளையும் பப்ளிக் ஆக்க வேண்டும் என்றார்கள். ஆக்கினாள். அவன் வந்துவிட்டான். பழைய பிறந்தநாள் படத்துக்குக் கீழே கமெண்ட். பிளாக் செய்தால் வேறு பெயரில் வந்தான். "அக்கா, இன்டர்வியூ முடியிற வரைக்கும் பூட்டக் கூடாதுல்ல?" என்று கேட்டு அழுதாள்.

"அவங்க நாடு, அவங்க இஷ்டம்" என்று சிலர் கமெண்டில் வருவீர்கள். யாரை உள்ளே விடுவது என்பது அவர்கள் உரிமைதான், மறுக்கவில்லை. டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில், கடந்த ஐந்து வருடத்தில் பயன்படுத்திய கணக்குப் பெயர்களை 2019 முதலே கேட்கிறார்கள். ஒன்றுகூட விடாமல் எழுதினோம். அதிகாரி தாராளமாகப் பார்க்கட்டும். அவர் பார்ப்பதற்காக ஊருக்கே ஏன் திறந்து வைக்க வேண்டும்? தூதரகத்துக்கு மட்டும் அனுமதி தரும் வழி ஒன்று வைக்கக் கூடாதா? 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி என்ற வேலை விசாவுக்கும் எச்-4க்கும் இதே விதி. எச்-4 என்றால் வேலைக்குப் போகிறவரின் மனைவி அல்லது கணவன், பிள்ளைகள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு நம் அரசைத்தான் கட்டுப்படுத்தும். சென்னை ஜெமினி பாலத்தடியில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அதைக் காட்டி நிற்க முடியாது.

விசா கிடைத்தது, போய்விட்டாள். அதனால் இது சரியென்று ஆகிவிடாது.

அப்புறம் இந்தக் கன்சல்டன்சிக்காரர்கள். பாஸ்வேர்டைத் தூதரகம் கேட்கவில்லை, இவர்கள் கேட்டார்கள்! "புரொஃபைலை நாங்களே கிளீன் பண்ணித் தர்றோம்" என்று தனிக் கட்டணம் வேறு. கொடுக்க மாட்டோம் என்றதும் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அட்மிஷனுக்கு என்று முன்பே வாங்கிய பணத்துக்கு இன்னும் ரசீது வரவில்லை. யாரிடமும் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள்.