சாமியார் போட்ட கணக்கு

கேள்வி: பெருவெடிப்புக் கொள்கையைச் சொன்னதே ஒரு கத்தோலிக்கச் சாமியார்தானாமே? பைபிளில் இருந்ததையே அறிவியல் என்று பேர் மாற்றி விற்றுவிட்டார் போலிருக்கிறதே!
– வாசகர், காங்கேயம்

பதில்: முதல் பாதி சரிங்க. இரண்டாம் பாதியில்தான் கோட்டை விட்டுவிட்டீர்கள்.

ஜார்ஜ் லெமேத்ர், பெல்ஜியத்துக்காரர். முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் இருந்துவிட்டு வந்து 1923-ல் குருப்பட்டம் வாங்கினார், அப்புறம் நேரே கேம்பிரிட்ஜுக்குப் போய் எடிங்டனிடம் வானியல் படித்தார். 1927-ல் ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளை வைத்தே பிரபஞ்சம் விரிகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்; எவ்வளவு தொலைவோ அவ்வளவு வேகமாகக் கேலக்ஸிகள், அதாவது நட்சத்திரக் கூட்டங்கள், விலகும் என்பதும் அதிலேயே இருந்தது. வெளியிட்ட இடம்தான் தப்பு. அதிகம் பேர் புரட்டாத ஒரு பிரெஞ்சு மொழி இதழ். பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்ட வேண்டிய மாட்டைக் கட்டுத்தறியிலேயே வைத்து விலை பேசினால் யார் வருவார்கள்? 1929-ல் அதையே அமெரிக்க வானியலாளர் ஹபிள் சொன்னார், ஹபிள் விதி என்று பேர் அவருக்குப் போயிற்று. அந்த விதியின் பெயரில் லெமேத்ரையும் சேர்க்கலாம் என்று வானியலாளர்கள் ஓட்டுப் போட 2018 ஆனது.

ஐன்ஸ்டீனே அவரிடம், கணக்கு சரி, இயற்பியல் சகிக்கவில்லை என்றார். 1931-ல், எல்லாமே ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது (நீங்கள் கேட்ட பெருவெடிப்பின் வித்து இதுதான்) என்று இன்னொரு படி மேலே போனபோது, அங்கியைப் பார்த்ததுமே பலருக்கும் உங்களுக்கு வந்த அதே சந்தேகம் வந்தது.

1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸும், அறிவியலே படைப்புக்குச் சாட்சி சொல்கிறது என்கிற தொனியில் பேசிவிட்டார். முதல் ஆளாகக் கைதட்டியிருக்க வேண்டியவர் நம் சாமியார். அவரோ சங்கடப்பட்டு, சத்தமில்லாமல் வத்திக்கானுக்குச் சொல்லியனுப்பினார்; அடுத்த ஆண்டு ரோமில் வானியலாளர்களிடம் பேசிய போப் அந்தப் பக்கமே போகவில்லை. போப் சொன்னதையே வேண்டாம் என்ற மனிதர் பைபிளை விற்றார் என்கிறீர்கள்! என் கொள்கைக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை, கடவுள் இல்லை என்பவரும் தாராளமாக அப்படியே இருக்கலாம் என்று 1958-ல் அவரே சொல்லியிருக்கிறார்.

அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர், ரேடியோ ஆன்டெனாவுக்குள் கிடந்த புறா எச்சத்தை வழித்துப் போட்டும் போகாத ஓர் இரைச்சலோடு மல்லுக்கட்டினார்கள். கடைசியில் அது பிரபஞ்சத்தின் ஆரம்பச் சூட்டில் மிச்சமிருக்கும் கதிர்வீச்சு, பெருவெடிப்புக்கே சாட்சி என்று தெரிந்தது. 1966 ஜூனில் சாவதற்குச் சில நாள் முன்பு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த லெமேத்ருக்கு அந்தச் சேதி வந்து சேர்ந்தது. புறா எச்சம் பைபிளில் எந்த அதிகாரத்தில் வருகிறது என்று நீங்கள்தான் தேடி எழுத வேண்டும்.